நம்ம ஓட்டுக்கூரையே போதும்

திற்பரப்பு, குலசேகரம் வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். அருவியில் குளித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள், ஒரு ராத்திரி தங்குவதில்லை என்பது உங்கள் நெடுநாள் வருத்தம். கடைத்தெருவையே ஐரோப்பிய ஊர் மாதிரி மாற்றினால் என்ன என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அமெரிக்காவின் லெவன்வொர்த் படங்களையும் காட்டினீர்கள். சரி, அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்கேட் மலையில் உள்ள ஊர் அது. 1920-களில் ரயில்பாதை விலகிப் போனது, மர அறுவை மில்லும் மூடியது. கடைகள் காலியாகக் கிடந்தன. 1962-இல் ஊர்க்காரர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு கூடிப் பேசினார்கள். கலிபோர்னியாவில் டேனிஷ் பாணியில் இருக்கும் சோல்வாங் ஊரைப் பார்த்துவிட்டு, பவேரியக் கிராமமாக, அதாவது ஜெர்மனியின் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ஊர் மாதிரி, மாறலாம் என்று முடிவெடுத்தார்கள். கடைக்காரர்களே பணம் போட்டு, சில கட்டடங்களில் ஆரம்பித்தார்கள். இன்று அங்கே பெயர்ப்பலகைக்குக்கூட விதி உண்டு. பெரிய கம்பெனிக் கடையும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாம் கற்க வேண்டியது இந்த ஒற்றுமையை.

வேஷம் வேண்டாம். அவர்களுடைய பனிமலை ஆல்ப்ஸை ஒத்திருந்தது, பொருந்திப் போனது. நமக்கு மழை, அதுவும் வருஷத்துக்கு இரண்டு பருவம். நம் தச்சர்கள் அதற்குச் செய்த ஏற்பாட்டைப் பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம்: சரிந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி இறங்கும் தாழ்வாரம், காற்று நுழையும் மரச்சட்டம். என் பாட்டி வீட்டிலும் அதே தாழ்வாரம்தான். அடைமழையிலும் அங்கே ரப்பர் ஷீட் நனையாமல் தொங்கும். பிளைவுட்டில் ஒட்டிய முகப்பு அந்த மழையில் உப்பிப் போகும்.

வருகிறவர்களைத் தங்கவைக்க நம்மிடம் என்ன இல்லை? 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை அணை, புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமும் கிராம்பும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டுவதைக் காட்டுகிறோம் என்று சொன்னாலே ஒரு குடும்பம் முந்தின நாள் ராத்திரி இங்கே தங்கும்.

அருவிக்குப் போகும் வழியில் பத்துக் கடைக்காரர்கள் முதலில் சேருங்கள். ஃபிளெக்ஸ் போர்டுகளை இறக்கிவிட்டு மரப்பலகையில் தமிழில் பெயர் எழுதுங்கள். தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போடுங்கள். பேரூராட்சியிடம் விதி கேட்பதெல்லாம் அப்புறம். வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோமா?

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்