எங்களுக்கு விழிப்புணர்வு போதாதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பருவநிலை மாற்றம் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படம் பிரமாதம்: வேளச்சேரியில் மூழ்கிக் கிடக்கும் கார். உள்ளே ஒரு வரி: "இதன் தாக்கத்தைக் கிராம மக்கள் இன்னும் உணரவில்லை, அவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்." எழுதியவர் கடைசியாக எந்தக் கிராமத்துக்குப் போனார் என்று கேட்டுச் சொல்வீர்களா?

நான் சீர்காழி வட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயி. 2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது தாங்கள் அறியாததல்ல. தண்ணீர் வடிய உப்பனாறுதான் வழி. கடல் எதிர்த்து நிற்கும்போது அதுவும் வாங்காது. சம்பாப் பயிர் தண்ணீருக்கடியில் கிடந்து அழுகியது. குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். அழுகியது போக மிஞ்சியதை யூரியா, பொட்டாஷ் போட்டுத் தேற்றி, கதிர் முற்றி, அறுக்க மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்த நேரத்தில், 2023 பிப்ரவரி முதல் வாரம் மறுபடி மழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் அடைமழை என்போம். தை பாதிக்கு மேல் பெய்வதற்கு எங்கள் அப்பா காலத்தில் பேரே கிடையாது. சாய்ந்த கதிரைக் கையில் எடுத்தால் நெல்லின் மூக்கில் வெள்ளையாக முளை. ஒரே போகத்தில் இரண்டு அடி. விழிப்புணர்வு இதற்குமேல் எப்படி ஏற்படுத்துவார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது என்பது சட்டம். வானம் அந்தச் சட்டத்தைப் படித்திருக்கவில்லை. ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டு, 21 காட்டுகிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார் அங்கிருந்தவர். எங்கே காயவைப்பது? களம் சேறு. தார்ச்சாலையில் கொட்டினால் பஸ்காரர் திட்டுகிறார். பகலில் காய்ந்ததை ராத்திரிப் பனி பழையபடி ஆக்கிவிடும். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. ஈரப்பதத்தில் தளர்வு வருவதற்குள் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டேன். மூட்டைக்கு இவ்வளவு என்று 'அன்பளிப்பு' கேட்பதைப் பற்றி இங்கே எழுதவில்லை. எழுதினால் போடவா போகிறீர்கள்?

நிவாரணம் ஹெக்டேருக்கு 20,000 என்று உங்கள் நாளிதழிலேயே கொட்டை எழுத்தில் படித்தேன். ஏக்கருக்கு 8,000 என்று போட்டிருந்தால் தலைப்பு எடுபட்டிருக்காதுதான். காப்பீட்டுக் கதை இன்னும் விசேஷம். கிராமம் முழுவதற்கும் சேர்த்துத்தான் இழப்பைக் கணக்கிடுவார்கள். மகசூலை அளக்க அறுத்துப் பார்க்கும் சோதனை அறுப்பு மேட்டு வயலில் விழுந்தால், பள்ளத்து வயல்காரனுக்கும் நல்ல மகசூல் என்று எழுதிவிடுவார்கள். பிரீமியம் மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனி.

2021 ஜனவரியிலும் அறுவடை நேரத்தில் மழை, இதே கூத்துதான். 2024-ல் மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்ததே ஜூலை 28. போர்வெல் தண்ணீர் உப்பேறிக் கிடக்கும் எங்கள் பக்கம் குறுவை நினைப்போடு சரி. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நாதல்படுகை, முதலைமேடு ஆற்றுத் திட்டு ஜனங்கள் ஆடு மாட்டோடு கரையேறுவார்கள். உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது. மேற்கே பெய்தது இங்கே வீட்டுக்குள் வரும். இவர்களுக்கும் உங்கள் கட்டுரையாளர் வந்து வகுப்பெடுக்கலாம். டீ நான் வாங்கித் தருகிறேன்.

வானிலை அறிக்கையும் அப்படித்தான். "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை." அந்த ஓரிரு இடம் எது என்பது மறுநாள் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்பது ஒன்றுதான். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம், பூண்டி, புழல் நீர்மட்டம் என்று தினமும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். எங்கள் மாவட்டப் பதிப்பிலும் அதே கட்டம்தான். அதன் கீழே சீர்காழி, கொள்ளிடம் மழையளவை இரண்டு வரி சேர்க்கக் கூடாதா? சென்ற வருடமும் எழுதினேன், பதில் இல்லை. இடம் போதாதென்றால் அந்தக் காரின் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சீர்காழி வட்டம்.
(பெயர் வேண்டாம். அடுத்த போகத்து நெல்லையும் அதே நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.)