விதி எழுதும் இடத்துக்குப் போகும் பணம்

ஹட்டன், இலங்கை

அன்புள்ள மகளுக்கு,

உன் புதிய பொறுப்பைப் பற்றி நீ எழுதியதை நிதானமாக வாசித்தேன். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மின்சாரச் சட்டங்களும் கட்டண விதிகளும் எழுதப்படும்போது அவற்றை ஆராய்ந்து வாதிடக்கூடிய உள்ளூர் அமைப்புகளுக்கு உங்கள் அறக்கட்டளை நிதி கொடுக்கிறது என்றும், எந்த அமைப்புக்கு எவ்வளவு என்று முடிவு செய்வோரில் இனி நீயும் ஒருத்தி என்றும் எழுதியிருந்தாய். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "சூரிய பெனல் வாங்கிக் கொடுக்காமல் காகிதத்துக்கா காசு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. காகிதத்துக்குக் கொடுக்கும் காசுதான் தூரம் போகும் என்றே நினைக்கிறேன். என் கவலை வேறு, அதைப் பின்னால் எழுதுகிறேன்.

காகிதத்தின் வலிமைக்கு நம் மலையிலேயே சான்று இருக்கிறது. பிரித்தானியத் தோட்டத் துரைமார் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டுவதற்கென்று ஓடைகளில் அமைத்த சிறிய நீர்மின் பொறிகள், 1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கித் தேசிய மின்வலை மெல்ல மெல்லத் தோட்டங்களை எட்டிய பின்னர், கவனிப்பாரற்றுத் துருப்பிடித்தன. இன்று பிராக்டிகல் அக்‌ஷன் என்று அறியப்படும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் அவற்றில் சிலவற்றைச் சீர்செய்ய உதவியது. மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஊர்ச் சங்கங்களே நடத்தும் சிறு நிலையங்களை அமைக்கவும் துணைநின்றது. உள்ளூர்ப் பட்டறைகள் டர்பைன் செய்யப் பழகின. இருந்தாலும் சிறு நீர்மின்சாரம் ஒரு தொழிலாகப் பெருகியது, 1990களின் பிற்பகுதியில் பத்து மெகாவாட் வரையான நிலையங்களுக்கென ஒரே மாதிரியான கொள்வனவு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின்னர்தான். யார் கட்டினாலும் அரசின் மின்சார சபை வாங்கும், விலை முன்கூட்டியே அறிவிக்கப்படும், ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளுக்கு நிற்கும் என்ற உறுதி கிடைத்ததால், உலக வங்கியின் கடன் திட்டமொன்றும் துணையாக, உள்ளூர் வங்கிகள் துணிந்து கடன் கொடுத்தன. இன்று நாட்டில் 400 மெகாவாட்டுக்கு மேல் சிறு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. நன்கொடையும் பட்டறை அறிவும் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தன. விதையை முளைக்க வைத்தது சில பக்க ஒப்பந்தம்.

விதி இல்லாததால் கெட்ட கதையும் இதே மலைகளில் உண்டு. ஊர்ச் சங்கங்கள் கல் சுமந்து, கால்வாய் வெட்டி அமைத்த நிலையங்கள் பல, தேசிய மின்வலை ஊருக்குள் வந்ததும் கைவிடப்பட்டன. அவற்றின் மின்சாரத்தை அந்த வலைக்கு விற்க வழிசெய்து கொடுக்க வேண்டும் என்று உரிய நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. பொறி நன்றாகவே இருந்தது. மிகச் சில நிலையங்கள் மட்டுமே பின்னர் இணைக்கப்பட்டுப் பிழைத்தன. பொறிக்குப் பணம் கொடுத்தவர்கள் விதிக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆதங்கம்.

உங்கள் துறை இதை நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. 1991 இல் அமெரிக்காவின் மூன்று பெரிய அறக்கட்டளைகள் சேர்ந்து, எரிசக்தி விதிகளுக்காக உழைப்போருக்கு நிதி கொடுக்கும் எனர்ஜி ஃபவுண்டேஷனை நிறுவின. அது 1999 இல் சீனாவிலும் வேலை தொடங்கியது. 2008 இல் கிளைமேட்வர்க்ஸ், அடுத்த ஆண்டில் இந்தியாவில் சக்தி அறக்கட்டளை, 2020 இல் ஆபிரிக்கக் காலநிலை அறக்கட்டளை என்று அந்த வரிசை நீள்கிறது. 2021 இல் கிளாஸ்கோ மாநாட்டின்போது ரொக்பெல்லர், ஐக்கியா, பெசோஸ் நிதியங்கள் தூய மின்சாரத்துக்கான ஒரு பெரிய கூட்டணியையும் அறிவித்தன. இவ்வளவு பெயர்கள் இருந்தும், உலகில் அறப்பணிக்கென்று கொடுக்கப்படும் பணத்தில் காலநிலைக்குப் போவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று கிளைமேட்வர்க்ஸின் அறிக்கைகளே சொல்கின்றன. பணம் சிறிது, அது அசைக்கும் விதியோ பெரிது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரத்துக்காக மிக அதிகம் கொடுத்த மண் இது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் நம் பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே கொழும்புக்குப் போன பிறகும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் குப்பி விளக்கு எரிந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2016 இல் வந்த 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தை எடுத்துக்கொள். வீட்டுக் கூரையில் மின்சாரம் எடுத்து மின்சார சபைக்கு விற்கலாம் என்ற அந்த விதியில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. நகரங்களில் அது நன்றாகவே பலித்தது. ஆனால் கூரை உன்னுடையதாக இருந்தால்தானே? லயத்தில் ஒரே தகரத்தின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வீடும் நிலமும் தோட்டத்துக்குரியவை. எத்தனையோ குடும்பங்களிடம் காட்டுவதற்கு ஓர் உறுதிப்பத்திரமும் கிடையாது. விதி எழுதியவர்களுக்கு நம்மீது பகை ஒன்றும் இல்லை. அவர்கள் மனத்தில் இருந்த வீடு வேறு, அவ்வளவுதான். 1972 இலும் 1975 இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களும் நியாயமான பெயரோடுதான் வந்தன. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகளுக்கு அதில் நிலம் கிடைக்கவில்லை.

கட்டணமும் அப்படித்தான். மிகக் குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு முதல் முப்பது அலகுகளில் ஓர் அலகின் விலை இரண்டரை ரூபாவாக இருந்தது. 2022 ஆகஸ்டில் 8 ரூபாவும், 2023 பெப்ரவரியில் 30 ரூபாவும் ஆனது. செலவை ஈடுசெய்யும் கட்டணம் இல்லாமல் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு முதலீடு வராது என்று ஆய்வாளர்கள் எழுதுவதை நான் மறுக்கவில்லை. மின்சார சபையின் நட்டத்தை யாராவது ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அப்படி எழுதும் ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்கள், அந்தச் சுமை நாட்சம்பளக்காரரின் மின்பட்டியலில் எப்படி விழுகிறது என்று கணக்கிடும் ஆய்வுக்கும் அதே கையால் நிதி கொடுக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் கோமாட்டி நிலக்கரி மின்நிலையத்தை 2022 இல் மூடியபோது, உலக வங்கிக் கடனுக்கு உடனேயே ஒப்புதல் கிடைத்தது. சுற்றியிருந்த ஊர்களின் வேலைதான் தயாராக இருக்கவில்லை. தேயிலை விலை விழும்போதெல்லாம் ஒரு தோட்டம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்று கண்ட நமக்கு, அது தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது.

ஆகவே உன் முன்னால் விண்ணப்பங்கள் வரும்போது, ஆங்கிலம் அழகாக இருப்பதைத் திறமை என்று எடுத்துக்கொள்ளாதே. மின்கட்டணத்துக்கு ஒப்புதல் தரும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத் திருத்தத்துக்கு மாகாணம் மாகாணமாகக் கருத்துக் கேட்கிறது. அங்கே எழுந்து நின்று, கணக்கோடு, தமிழில் பேசக்கூடியவர்கள் மலையகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார். 2024 இல் மின்சாரச் சட்டமூலம் வந்தபோது சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்மானிக்கப்பட்டு, அவை திருத்தப்பட்ட பின்னரே சட்டம் நிறைவேறியது. சட்டமூலத்தைச் சவாலுக்கு உட்படுத்தக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சில நாட்களில் அதை வாசித்து எழுதித் தரக்கூடியவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஓராண்டு நிதி கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் "எந்த விதி மாறியது?" என்று கேட்டால், அவர் பாவம், அறிக்கை எழுதவே ஆண்டைச் செலவிடுவார். சம்பளத்துக்கும் வாடகைக்கும் சேர்த்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு, திட்டப் பெயர் எதுவும் ஒட்டாமல் கொடுக்க முடியுமா என்று உன் அலுவலகத்தில் கேட்டுப் பார்.

வெளிநாட்டுப் பணம் என்ற பேச்சும் வரும். இங்கே 'என்.ஜீ.ஓ. காசு' என்றாலே முகம் சுழிப்பார்கள். இந்தியாவில் 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. எல்லாமே பொய்க் குற்றச்சாட்டு என்று ஒதுக்கிவிடாதே. உங்கள் அறக்கட்டளைக்கு இங்கே யாரும் வாக்களிக்கவில்லை. யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதை அந்த நாட்டு மொழியிலேயே வெளியிடுங்கள். பணம் பெறுபவர் உங்கள் கருத்தை மறுத்து எழுதினாலும் அடுத்த ஆண்டுப் பணம் நிற்காது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இந்த இரண்டாவதைச் செய்வதுதான் கடினம் என்று நினைக்கிறேன். உன் மேலதிகாரிகள் சம்மதித்தால் எனக்கு எழுது.

உன் தம்பி, கூரைச் சூரிய மின்சாரம் வைத்திருப்பவர்களை, மின்தேவை குறைந்த 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதைச் சொல்லி, இனி மின்கலச் சேமிப்புக்குத்தான் விதியும் விலையும் வேண்டும் என்கிறான். அதுபற்றி எளிய தமிழில் வாசிக்க ஏதாவது இருந்தால் அனுப்பி வை. இல்லையென்றால், எழுதக்கூடிய ஒருவருக்கு நிதி கொடு. அடுத்த கட்டண விசாரணை கண்டியில் நடந்தால் நாங்கள் இருவரும் போவதாக இருக்கிறோம். லயங்களின் மின்பட்டியல்கள் சிலவற்றை உரியவர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அவற்றைக் காட்டிப் பேச வேண்டும்.

அன்புடன்,
அம்மா