எடை குறைக்க துணையா நின்ன ஒரு வருஷம்: நம்ம குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தெரு விளக்கு, சாக்கடை, குப்பை வண்டின்னு போன பொதுக்குழுவுல பேசினது ஓரளவு நடந்துடுச்சு, வரவு செலவை பொருளாளர் அண்ணன் தனியா படிப்பாரு, அதனால நான் அதுக்குள்ள போகல. இந்த வருஷம் நாம புதுசா எடுத்தது ஒரே வேலைதான், எடை கூடிப்போன நம்ம ஆளுங்களுக்கு ஹெல்த் கோச், அதாவது சாப்பாட்டு, நடைப் பழக்கத்தை மாத்த பேசி உதவுற ஆளு, வச்சு கூடவே நின்னது, அதைத்தான் விரிவா சொல்லணும்.

2019-21 தேசிய குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டுல 100 பெண்கள்ல 40 பேருக்கும் 100 ஆண்கள்ல 37 பேருக்கும் எடை அதிகம். நம்ம கும்பகோணம் பக்கம் நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், கடைத்தெருவுக்கு போக பைக்னு ஆயிடுச்சு, ஆனா தட்டுல விழுற சோறு மட்டும் வயல்ல இறங்கி உழைச்ச தாத்தா காலத்து அளவுலயே நிக்குது. அதோட நம்ம உடம்புவாகுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன், இடுப்பு சுத்தளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும். 30 தாண்டினாத்தான் பருமன்ங்கிற வெளிநாட்டு கணக்கை பாத்துட்டு, "நான் கொஞ்சம் பூசினாப்பலதான் இருக்கேன்"னு பல பேரு நிம்மதியா இருந்துட்டாங்க.

கோச்சா வந்தவங்க மூணு பேரு, ரிட்டயர் ஆன நர்ஸ் அக்கா, பி.டி. மாஸ்டர், அப்புறம் நியூட்ரிஷன் படிச்ச நம்ம தெரு பொண்ணு. இவங்க யாரும் மருந்து மாத்திரை விஷயத்துல கை வைக்கக்கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டோம், ஏன்னா சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க திடீர்னு சாப்பாட்டை குறைச்சா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வரும், அவங்க டாக்டரை கேட்டுட்டுதான் எதையும் மாத்தணும்.

முதல் ரெண்டு மாசம் நாங்க செஞ்சது தப்பு. ஒரே சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுத்து, சோறு வேணாம் ஓட்ஸ் குடிங்கன்னு சொல்லி, எல்லார் முன்னாடியும் எடை பாத்து சத்தமா படிச்சோம். ஒரு அக்கா அடுத்த வாரத்துலேருந்து வரல. வீட்டுக்கு போய் கேட்டேன். "எதை சாப்பிடக்கூடாதுன்னு எனக்கே தெரியும் தம்பி, ஏன் என்னால முடியலைன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"ன்னாங்க. எனக்கு பதில் சொல்ல வரல.

அதுக்கப்புறம் நர்ஸ் அக்கா போய் திண்ணையில உக்காந்து அரை மணி நேரம் பேச விட்டு கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சுது, ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் மிச்ச சோத்தை கொட்ட மனசு வராம இவங்களே குழம்பை ஊத்தி சாப்பிட்டு முடிச்சிடுறாங்க. அப்ப என்ன பண்ணலாம்னு அவங்களையே கேக்க, உலையில அரிசியை அரை ஆழாக்கு கம்மியா போடுறேன், அப்பவும் மிஞ்சினா தண்ணி ஊத்தி காலையில டிபனுக்கு பதிலா பழைய சோறுன்னு அவங்களே வழி சொன்னாங்க. எந்த சார்ட்லயும் இது இல்ல. நாலு வேளை டிகிரி காபி குடிக்கிற ஒரு மாமி, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்னா ஒரு நாளைக்கு 40 கிராம் சர்க்கரை ஆகுதேன்னு தானே கணக்கு போட்டுட்டு, காபியை விடாம சர்க்கரையை பாதியாக்கி அப்புறம் இன்னும் குறைச்சாங்க. இப்ப எடையை தனி ரூம்ல தான் பாக்குறோம், நோட்டு அவங்கவங்க கையில, அதனால யாருக்கு எத்தனை கிலோ குறைஞ்சுதுன்னு இந்த அறிக்கையில நான் படிக்க மாட்டேன்.

ஒருத்தர் கூட நின்னு விடாம கேக்குறதுக்கு எவ்வளவு பலம்னு பெரிய ஆராய்ச்சியே இருக்கு. அமெரிக்காவுல 2002-ல வெளியான ஆய்வுல, சுகர் வர்ற நிலைமையில இருந்தவங்களுக்கு கோச் வச்சு, எடையில 7 சதவீதம் குறைக்கணும், வாரம் 150 நிமிஷம் நடக்கணும்னு இலக்கு குடுத்தாங்க, சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது. நம்ம சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செஞ்ச ஆய்வு 2006-ல வந்துச்சு, அதுல சாப்பாடு, நடைப் பழக்கத்தை மாத்தினதுலயே சுகர் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது, இத்தனைக்கும் அவங்களுக்கு எடை பெருசா இறங்கல. முள்ளு நகரலையேன்னு சோந்து போய் நின்னவங்களுக்கு நான் இதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னேன்.

ஐப்பசி கார்த்திகை மழையில மகாமகக் குளத்தை சுத்துற நடை நின்னு போச்சு, அந்த ரெண்டு மாசம் போன்ல மட்டும் பேசினோம், போன் வராதவங்கதான் முதல்ல விட்டுட்டு போனாங்க. அது எங்க குறை. தை மாச கல்யாண சீசனுக்கு மாஸ்டர் சொன்னது நல்லா வேலை செஞ்சுது, பந்தியில கூட்டும் பொரியலும் ரெண்டாம் தடவை கேளுங்க, சோறு ஒரு தடவையோட போதும், யாரையும் பகைச்சுக்க வேணாம். நடுவுல ஒரு கம்பெனி ஆளு வந்து எடை குறைக்குற பவுடரை கோச் மூலமா வித்தா கமிஷன்னு கேட்டாரு, முடியாதுன்னு அனுப்பிட்டோம், கோச் எதையாச்சும் விக்க ஆரம்பிச்சா அப்புறம் யாரு மனசு விட்டு பேசுவா.

வர்ற வருஷமும் இதை நிறுத்தாம நடத்த பொதுக்குழு அனுமதி வேணும், பேச்சு நின்னா எடை திரும்ப ஏறிடுது. இன்னும் ரெண்டு கோச் தேவை, பொறுமையா காது குடுத்து கேக்குறவங்களா இருக்கணும். மழைக்காலத்துக்கு நடக்க கூரை போட்ட இடம் யாராவது குடுத்தா ஐப்பசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்கு குளத்தோட வடகரையில இருப்போம், விட்டுட்டு போனவங்க வீட்டுக்கு இந்த வாரத்துலேருந்து நானே வர்றேன்.

செயலாளர்