கோலமும் வேண்டும், நோயின் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் சீன மருத்துவம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவருக்கு அந்த மருத்துவத்தின் மேல் மதிப்பு இருப்பது தெரிகிறது. எனக்கும் உண்டு, முதுகுவலிக்குப் பத்து வருடமாக அக்குபங்சர் செய்துகொள்கிறேன். ஆனால் சீன மருத்துவம் நோயைப் பார்ப்பதில்லை, ஆளை மட்டும்தான் பார்க்கிறது என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதே பேச்சை நம்பித்தான் முன்பு நாங்கள் அம்மாவின் விஷயத்தில் நான்கு மாதத்தை வீணாக்கினோம்.

அம்மாவுக்கு அசதி, பசியில்லை, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) கூட்டிப்போனோம். அவர் பொறுமையானவர், கையைப் பிடித்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நாக்கு வெளுத்திருந்தது. மண்ணீரலில் ச்சீ, அதாவது உயிராற்றல் குறைவு, இரத்தமும் குறைவு என்றார். கஷாயம் கொடுத்தார். என்ன நோய் என்று கேட்டதற்கு, நாங்கள் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை என்றார். எங்களுக்கு அது பெரிய ஞானம் மாதிரிப் பட்டது. நான்கு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை எடுத்தபோது ஹீமோகுளோபின் 6.8, அப்புறம்தான் பெருங்குடலில் கட்டி இருந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அவர் சொன்னது பொய் இல்லை, இரத்தம் குறைவாகத்தான் இருந்தது. ஏன் குறைகிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சீனத்தில் இரண்டு சொல் இருக்கிறது. 'பிங்' என்றால் நோய். 'ஜெங்' என்பது இந்த ஆளிடம் இந்த நேரத்தில் அந்த நோய் எடுத்திருக்கும் கோலம், அதாவது சூடா குளிர்ச்சியா, உள்ளேயா மேலேயா, குறைவா மிகுதியா என்பது. தூக்கமின்மை என்று இரண்டு பேர் வந்தால், கவலையில் இளைத்து நாக்கு வெளுத்தவருக்கு ஒரு கஷாயம், நாக்கில் மஞ்சளாகத் தடித்துப் படிந்து கபமும் சூடுமாக இருப்பவருக்கு வேறு கஷாயம். அதேபோல ஆசனவாய் இறக்கம், கருப்பை இறக்கம் என்று நோய் இரண்டாக இருந்தாலும் கோலம் ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றே. இது அழகான விஷயம்தான், உங்கள் கட்டுரையாளர் மயங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் இதற்காக நோயின் பெயரைத் தூக்கிப் போடச் சொன்னது யார்? ஏறக்குறைய 1800 வருடத்துக்கு முன்னால் ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன மருத்துவர் எழுதிய நூலில் அத்தியாயத் தலைப்புகளே இன்ன நோய், அதன் நாடி, அதன் கோலம், அதன் சிகிச்சை என்ற வரிசையில்தான் போகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஷூ தாச்சுன் என்ற மருத்துவர், நோயைத் தீர்க்க வருகிறவன் முதலில் அதன் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகவே எழுதினார். கோலம் பார்ப்பதுதான் சீன மருத்துவத்தின் தனி அடையாளம் என்று அழுத்திச் சொல்லும் வழக்கம் 1950களில், சீன அரசு கல்லூரிகளைத் திறந்து பாடநூல்கள் எழுதவைத்த காலத்தில்தான் வலுப்பட்டது.

மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற சீன மருத்துவர், முறைக்காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவ் என்ற மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று எழுதிவைத்தார். இந்த நோய்க்கு இந்த மருந்து, அவ்வளவுதான், அதில் கோலமே இல்லை. கொதிக்கவைக்கச் சொல்லாத அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் து யூயூ என்ற சீன விஞ்ஞானி குறைந்த சூட்டில் ஈதரை வைத்துச் சாறு எடுத்தார். அது ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தில் போய் முடிந்து 2015இல் நோபல் பரிசு வரை வந்தது.

சரி, நோயின் பெயர் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஜப்பானில் சிறு சைஹு என்ற சீன மூலிகைக் கஷாயத்தை நாள்பட்ட கல்லீரல் அழற்சி என்ற பெயரைப் பார்த்தே ஏராளமானவர்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள், யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று கோலம் பார்த்துப் பிரிக்கவில்லை. 1996இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, அந்த மருந்து சாப்பிட்ட 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்ததாகவும் அதில் 10 பேர் இறந்ததாகவும் எச்சரிக்கை விட்டது. கோலம் பார்த்திருந்தால் அத்தனை பேரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் பார்க்காமல் கொடுத்ததைச் சீன மருத்துவர்களே இன்றுவரை கண்டிக்கிறார்கள்.

சீனாவில் பாரம்பரிய மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பில் நோய், கோலம் இரண்டையும் எழுதுகிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் (பதினொன்றாம் பதிப்பு) பாரம்பரிய மருத்துவத்துக்கான அத்தியாயத்தில் நோய்களுக்கு ஒரு பகுதி, கோலங்களுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாகவே இருக்கிறது. அடுத்த தடவை இதைப் பற்றிப் போடும்போது தயவுசெய்து இதையும் எழுதுங்கள். வயதான பெற்றோரை சின்சேயிடம் கூட்டிப்போகும் நம் ஆட்கள் நிறையப் பேர் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதும் கஷாயம் குடிக்கிறார், மருத்துவமனை டாக்டருக்கும் அது தெரியும். சின்சே மட்டும் வேறு ஆள். முதல் நாள் அவர் நாடியில் கைவைப்பதற்கு முன்னாலேயே மருத்துவமனை அறிக்கை எங்கே என்று கேட்டார். அம்மாவின் அட்டையில் மேலே நோயின் பெயர், அதற்குக் கீழே கோலம் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார், மேல் வரி அப்படியே நிற்கிறது, கீழ் வரியை மட்டும் இதுவரை மூன்று தடவை மாற்றியிருக்கிறார்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி, சிங்கப்பூர்