அலுமாரிக்குப் பின்னால்

திருகோணமலை,
தை மாதம்.

மச்சான்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாளாகப் பதில் போடாததற்கு மாரி மழையும் சின்னவளின் இருமலும்தான் காரணம். கார்த்திகையில் தொடங்கிய மழை விட்டபாடில்லை. கோணேசர் கோயிலடியில் நின்றால் கடல் எது, வானம் எது என்று தெரியாது. உடுப்புக் காய மூன்று நாள்.

அவளுக்கு இரவில்தான் இருமல். விடிந்தால் தும்மல், கண்கடி, மூக்கால் தண்ணீர். பள்ளிக்கூடம் போனால் ஒன்றுமில்லை. இரண்டு தரம் அன்ரிபயோட்டிக் கொடுத்தும் இருமல் அப்படியே. பிறகு பார்த்த டொக்டர்தான், "பிள்ளை படுக்கிற அறையில் ஈரம் இருக்கா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியை இழுத்தேன். பின்சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. டோர்ச் அடித்துப் பார்த்தால் பூனை மயிர் போலப் பூஞ்சணம், விரல் பட்ட இடமெல்லாம் தூள். என் கலியாணக் கோட்டின் கழுத்திலும் பச்சை. அந்தச் சுவருக்குத்தான் போன வருடம் பெயின்ற் அடித்தேன், மடையன்.

பூஞ்சணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்குமாம். ஒத்துக்கொள்ளாத உடம்பு அதைப் பகையாக எடுத்து மூக்கையும் கண்ணையும் படுத்தும். முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, உள்ளவர்களுக்குச் சுவாசக்குழாய் இறுகும். கிருமியில்லாத வருத்தத்துக்கு அன்ரிபயோட்டிக் என்ன செய்யும்? அதே வீட்டில்தான் நானும் படுக்கிறேன், ஒரு தும்மல் இல்லை. யூடியூப் பார்த்து மனைவி "கறுப்பு என்றால் நஞ்சாம்" என்று பயந்தாள். நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாதாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் நுரையீரல் நோயாளிகளும்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குச் சில வகைப் பூஞ்சணம் நுரையீரலிலேயே தொற்றலாம்.

குற்றவாளி கூரைப் பீலி. மூட்டு விட்டு, தண்ணீர் சுவரால் இறங்கியிருக்கிறது. நனைந்தது 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடும். பீலியை மாற்றி, ஊறின பூச்சைக் கொத்தி, மாஸ்க் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்தேன். செத்த பூஞ்சணமும் அலர்ஜி தரும் என்பதால் மருந்தடித்து விட்டால் போதாது, துடைத்தெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணர் பிளீச்சோடு கக்கூஸ் கழுவுகிற அசிட்டையும் கலக்கச் சொன்னார். நல்ல காலம், கேட்கவில்லை. அதிலிருந்து வருவது குளோரின் வாயு! மெத்தையை எறிந்துவிட்டோம்.

இப்போது இரவில் நித்திரை கொள்கிறாள். டொக்டர் தந்த இன்ஹேலரை இன்னும் நிறுத்தவில்லை.

உன் ரொறொன்ரோ பேஸ்மென்டில் பழைய மணம் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். எங்களுக்குக் கூரையால் வருகிற ஈரம், உங்களுக்கு வீட்டுக்குள் இருக்கிற ஆவியே குளிர்ந்த சுவரில் வேர்த்து நிற்கும். ஈரப்பதத்தை 60 வீதத்துக்குக் கீழே வை. இங்கே மாரியில் அது நடக்கிற கதையில்லை.

அப்புறம், உட்துறைமுகத்தடியில் நாம் ஐந்து பேரும் எடுத்த படம் உன் பெட்டியில் இருக்கும். என்னுடையதைப் பூஞ்சணம் தின்றுவிட்டது, உன் காதும் ஒரு தோணியும்தான் மிச்சம். போனில் ஒரு படம் பிடித்து அனுப்பு.

உன்,
பழைய வாங்குக்காரன்