பதில் கடமைக்கு வரும் மிஸ் போதாது

மதிப்புக்குரிய சுகாதார அதிகாரிகளுக்கு,

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தர்களை நியமிக்கிறவர்கள், இடம்மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தோரக் கிராமம் என்னுடையது. மூன்று பிள்ளைகள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன். நீங்கள் கடிதங்களில் எந்தப் பதவிப் பெயரைப் போட்டாலும் எங்களுக்கு அவர் மிட்வைஃப் மிஸ்தான். இங்கேயும் மிஸ் என்றே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மிஸ் இடம்மாறிப் போய் ஒன்றரை வருடமாகிறது. இப்போது பதில் கடமைக்கு வருகிறவர் பக்கத்துப் பிரிவுக்காரர். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஒரு ஸ்கூட்டியில் இரண்டு பிரிவையும் சுற்றி, கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், பிறந்த குழந்தைகளைப் பார்க்கிறார், நிறை பார்க்கிற நாளுக்குத் தவறாமல் வருகிறார். அதோடு பொழுது போய்விடுகிறது. விடுபட்டது குடும்பத்திட்டமிடல். கர்ப்பிணியை வயிறு காட்டிக்கொடுத்துவிடும். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறவளை எது காட்டிக்கொடுக்கும்? அவளைத் தேடித்தான் போகவேண்டும்.

மச்சாளின் கதையைச் சொல்கிறேன். (அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா இணையம் பார்ப்பதில்லை.) இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் குளிசை எடுக்கத் தொடங்கினாள். அட்டையைச் சீனிப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஒருநாள் நானும் அங்கே இருந்தபோது பழைய மிஸ் வந்தார். அட்டையை வாங்கி, கதவடி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை எண்ணினார். "என்ன தங்கச்சி, செவ்வாயும் புதனும் அப்படியே கிடக்குது?" குளிசை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள் இவள். இரவில் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். இரண்டு நாள் தவறியதால் அடுத்த ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும் என்று சொல்லிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டையின் கடைசி ஏழு குளிசையும் இரும்புச்சத்துத்தான், ஆனாலும் அதையும் விடாமல் போட்டால்தான் அடுத்த அட்டையை நாள் பிந்தாமல் தொடங்குவாய் என்றார். அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமி, அதாவது என் அம்மா, கிணற்றடியிலிருந்து வந்தார். மிஸ்ஸின் கதை அப்படியே பிள்ளையின் நிறைக்கு மாறிவிட்டது. கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. எந்தக் கிளினிக் வரிசையில் இது நடக்கும்?

எந்த வீட்டில் மாமியார் எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போவார், எவளுடைய மனுசன் கட்டாரிலிருந்து எந்த மாதம் லீவில் வருகிறார், எந்த விதவை கிளினிக் பக்கம் வந்து நிற்கக்கூடக் கூசுவாள், இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்பது வருடம் எங்கள் ஒழுங்கைகளில் திரிந்த மனுசி. இதை எந்தப் பதிவேட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்பது?

எனக்கு 2008 இல் 17 வயதில் கல்யாணம். சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். வயிற்றோடுதான் மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போனேன். பால் கொடுக்கும்வரை அடுத்தது தங்காது என்று அம்மா சொன்னார். நம்பினேன். மூத்தவனுக்கு ஒன்றரை வயதில் இரண்டாவது பிறந்தான். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்ப வராமல் இருந்தால், அதுவும் முதல் ஆறு மாதத்துக்குத்தான் அந்தக் கணக்குச் சரி என்பதை, வருடங்கள் கழித்து மிஸ் சொல்லித்தான் அறிந்தேன். மூன்றாமவள் நாங்கள் நினைத்துப் பெற்ற பிள்ளை.

இன்னொன்றும் இருக்கிறது. 2013 ஓகஸ்ட் கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சத்துப் பார்க்க என்று கூப்பிட்டுவிட்டுக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் சொன்ன செய்தி வெளிவந்தது. வன்னி முழுக்க அது பரவியது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு குச்சி என்றாலே பெண்கள் எழும்பிப் போய்விடுவார்கள். ஐந்து வருடம் பயன்தரும், விரும்பியபோது எடுத்துவிடலாம். வேண்டும் என்கிறவளுக்கு வசதியான ஒன்று, ஆனால் பயம் விடவேண்டுமே. அப்போது புதிதாக வந்திருந்த எங்கள் பழைய மிஸ் ஒருநாள் சங்கக் கூட்டத்தில் தன் இடக்கையை நீட்டித் தடவிப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் இரண்டு சின்னக் குச்சி. "இது எனக்கு. வேண்டாம் என்றால் நாளைக்கே எடுப்பன். உங்களுக்கு வேண்டாமா, வேண்டாம்." அதற்குப் பிறகும் யாரையும் அவர் நெருக்கவில்லை. மாத முடிவில் எண்ணிக்கை கேட்கிற நீங்களும் அவர்களை நெருக்காமல் இருந்தால் நல்லது.

மிஸ் வீடுவீடாக வருகிற இந்தத் திட்டம் பழையது. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 1965 இல் குடும்பத்திட்டமிடலை அரசாங்கம் தாய் சேய் நலத்தோடு சேர்த்தபோது, ஏற்கெனவே வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மருத்துவமாதுவின் பையிலேயே அதுவும் ஏறியது. ஒருவருக்கு ஏறக்குறைய 3000 பேர் என்பது உங்கள் கணக்கு. கொழும்பில் 3000 பேர் சில ஒழுங்கைக்குள் அடங்கிவிடுவார்கள். எங்களுக்கு அது மூன்று குளம், நடுவில் காடு, பொழுதுபட்டால் யானை. மாரியில் குளம் வான் பாய்ந்தால் வீதி இரண்டு நாளைக்குக் கிடையாது. குளிசை அட்டை முடிந்தவள் அந்த இரண்டு நாளில் என்ன செய்வாள்? தவறி வயிற்றில் தங்கினால், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறு எதற்கும் கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை. பிறகு எங்கே போவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

கேட்பது பெரிய விசயம் இல்லை. எங்கள் பிரிவுக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டும். அவர் தங்கவேண்டிய குவார்ட்டஸின் கூரை ஒழுகுகிறது, மலசலகூடக் கதவு இல்லை. ஒரு பெண் அங்கே தனியாக எப்படி இருப்பாள்? அதைத் திருத்துங்கள், சிரமதானத்துக்குச் சங்கம் ஆள் தரும். உயர்தரம் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து இங்கேயே போட்டால் இடமாற்றம் கேட்டு உங்கள் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

மாரி தொடங்க முன்னர் பதிலை எதிர்பார்க்கிறோம். மச்சாளின் அட்டையில் இன்னும் ஒன்பது குளிசை இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
முல்லைத்தீவு மாவட்டம்.