நீ எழுதியதை நானே படித்தேன்

அன்புள்ள பாப்பா,

சாப்பிட்டாயா? நேற்று அனுப்பிய மூன்று மெசேஜுக்கும் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. நீ போனில் பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. வேலை இருக்கும், சரி. அந்த ரூம் ஹீட்டர் மேல் துணி காயப் போடுவதை மட்டும் விட்டுவிடு. போன தடவை வீடியோவில் உன் முகத்தைக் காட்டாமல் ஜன்னலைக் காட்டினாயே, அப்போது பார்த்தேன், சாக்ஸும் ஒரு துப்பட்டாவும் ஹீட்டர் மேலே தொங்கின.

உன் ஆய்வேட்டைத் தம்பி பிரிண்ட் எடுத்து வந்து, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். நூற்றுப் பதினோரு பக்கம்! அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருப்பார். நான் மட்டும் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே, பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அட்டையைக் காட்டியாகிவிட்டது. விக்டோரியா ராணி காலத்து பாலே உடையில் படிக்க என்ன இருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். அரைமணி நேரம் நானே விளக்கினேன், அவர் கொண்டுவந்த ஃபால்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பொம்மைகள். பட்டத்துக்கு வருவதற்கு முன்னால் சின்னப் பெண்ணாக இருந்தபோது, விக்டோரியாவும் அவரை வளர்த்த லேசன் அம்மாவும் 132 மரப்பொம்மைகளைச் சேர்த்து, நாடகக் கொட்டகையில் பார்த்த ஆட்டக்காரிகள் மாதிரி அவற்றில் பலவற்றுக்குக் கையாலேயே உடை தைத்தார்களாமே. நீயும் என் காலடியில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குப் பாவாடை தைத்தவள்தானே. இதை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, பரவாயில்லை.

டாலியோனி என்கிற அந்த மரீ, 1832இல் பாரிஸ் ஆப்பராவில் 'லா சில்ஃபீட்' ஆடினபோது போட்ட வெள்ளைப் பாவாடையின் படத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். இடுப்பைப் பிடித்து, அதற்குக் கீழே மணி மாதிரி விரிந்து, கெண்டைக்காலில் நிற்கிறது. வெறும் மஸ்லின் அப்படி நிற்காது, உள்ளே அடுக்கு இருக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். அடுத்த பக்கத்திலேயே நீ அதை எழுதியிருந்தாய். டார்லட்டன் என்பது கொசுவலை மாதிரி இடைவெளி விட்டு நெய்து கஞ்சி ஏற்றிய பருத்தித்துணியாம். நாம் ஃப்ராக்குக்கு உள்ளே வைக்கிற கேன்கேன் செய்கிற வேலைதான் அதுவும். கேன்கேன் என்பதே பாரிஸ்காரர்கள் பாவாடையைத் தூக்கி ஆடுகிற ஆட்டத்தின் பேர் என்று தெரியாமலே முப்பது வருஷம் மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்திருக்கிறேன்.

அடுக்கடுக்கான பஞ்சு மாதிரித் துணி, இடையிடையே காற்று, மேடை ஓரத்தில் வரிசையாக மூடியில்லாத கேஸ் விளக்கு. இதைத் தம்பி படித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிளாரா வெப்ஸ்டர் பற்றி அவன் வேகவேகமாகச் சொன்னான். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் ஆடிக்கொண்டிருக்கும்போது மேடையில் இருந்த விளக்கு பாவாடையில் பற்றியது, மூன்று நாளில் போய்விட்டாள். அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பிங்க் நிற டைட்ஸ், சாட்டின் செருப்பின் நுனியை ஊசியால் இழையோட்டிக் கெட்டிப்படுத்துவது என்று வேறு ஏதோ ஆரம்பித்தான்.

பாப்பா, எனக்கு இங்கிலீஷ்தான் வராது, பக்க எண் தெரியாதா? 62இலிருந்து 70க்குப் போய்விட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. அவன் தூங்கின பிறகு போன் கேமராவைத் தாளுக்கு மேலே பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழாக்கிப் படித்தேன். டைட்ஸுக்கு 'இறுக்கங்கள்' என்று போடுகிறது அது. ஆனாலும் புரிந்தது.

எம்மா லிவ்ரி. பதினாறு வயதில் மேடை ஏறினவள், டாலியோனியே பிடித்துப்போய்ச் சொல்லிக்கொடுத்து, தீப்பந்தத்தில் சிறகு பொசுங்குகிற பட்டாம்பூச்சியாக 1860இல் அவளை ஆட வைத்திருக்கிறார். பாவாடைகளுக்குத் தீப்பிடிக்காத மருந்து ஏற்ற வேண்டும் என்று 1859லேயே பிரான்சில் அரசாணை வந்தாயிற்று. மருந்தில் முக்கின துணி விறைத்துப்போய் அழுக்கு நிறமாகிறது, மிதக்காது, எனக்கு வேண்டாம் என்று அவள் எழுதியே கொடுத்துவிட்டாள். 1862 நவம்பர் ஒத்திகையில் பாவாடையை உதறி விட்டபோது கேஸ் விளக்கில் பட்டுப் பற்றியது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, 1863 ஜூலையில் இறந்தாள். இருபது வயது. லண்டனில் அதற்கு முன்னாலேயே வெர்ஸ்மான், ஓப்பன்ஹைம் என்று இரண்டு பேர் உப்பு உப்பாகத் துணியில் ஏற்றிப் பார்த்து, சோடியம் டங்ஸ்டேட் போட்டால் தீயும் பிடிக்காது, இஸ்திரிப்பெட்டியும் ஒட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இஸ்திரி வரைக்கும் யோசித்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. இருந்தும் யார் போட்டார்கள்?

ஹீட்டர் ஞாபகம் இருக்கட்டும். அடுப்படியில் பாலியஸ்டர் நைட்டி வேண்டாம். காட்டன் ஆறு அனுப்புகிறேன், அளவு மாறியிருந்தால் சொல்.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய். எரிந்துபோன பெண்ணின் அழகு ஆசையைக் குறை சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது என்று. போன் அதைக் கொஞ்சம் கோணலாகத்தான் மாற்றியது. மூன்று தடவை பிடித்துப் பார்த்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

நாலாம் வகுப்பு ஆண்டு விழா, விளக்கு நடனம், அந்த நீலப் பாவாடை. நீ வேகமாகச் சுற்றிவிட்டாய், வரிசை தப்பிப் பக்கத்துப் பிள்ளையின் அகல் மேலே போய்விட்டாய், அதனால்தான் என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். மேலத்தெரு சித்தியிடம், அப்பாவிடம், ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட. நீ பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். நீ தலையைக் குனிந்து கால் வரைக்கும் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டாய், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துணிக்காரியிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்தத் துணி வந்தாலும் ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பது என் வழக்கம், உனக்கே தெரியும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் விரலில் பொடியாகும். நைலான் சுருங்கி உருகி முனையில் கெட்டியாக ஒரு மணி கட்டும், தொட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். விளக்குத்தூண் பக்கம் வாங்கிய அந்த நீலத்துணியிலும் இழை எடுத்துப் பார்த்தேன். மணி கட்டியது. விளக்கு வைத்து ஆடப்போகிறாய் என்றும் தெரியும். ஆனால் பருத்தியில் அந்தப் பளபளப்பு வராது, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் டெய்லர் மகள் பாவாடை மங்கலாக இருக்கக்கூடாது என்று அதையேதான் வெட்டினேன். உள்ளே கேன்கேன் மூன்று அடுக்கு வேறு. நீ சரியாகத்தான் சுற்றினாய். உன் பாவாடைதான் மற்றவர்களுடையதைவிட ஒரு முழம் அகலமாக விரிந்தது, அதை அளந்து வெட்டினவள் நான்.

அந்த எம்மாவாவது தனக்கு வேண்டியதைத் தானே கேட்டாள். உனக்கு ஒன்பது வயது. உரசுகிறது, குத்துகிறது என்று இரண்டு தடவை சொன்னாய்.

நீ இந்தப் படிப்பை எடுத்தபோது ஊசியும் நூலும் என்னிடமிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ இதைத்தான் மூன்று வருஷமாகத் தோண்டிக்கொண்டிருந்தாயா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா? கேட்கவும் பயமாக இருக்கிறது.

லிவ்ரியின் உடையில் எரிந்தது போக மிஞ்சியதைப் பாரிஸ் ஆப்பரா மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்னிடமும் ஒன்று இருக்கிறது. மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில், கருகின ஓரத்தோடு ஒரு நீலத்துண்டு, உள்ளங்கை அளவு. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. உனக்கு வேண்டுமென்றால் நைட்டி பார்சலில் வைக்கிறேன், வேண்டாமென்றால் நானே வைத்துக்கொள்கிறேன். போனில் பேச வேண்டாம், வேணும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை மெசேஜ் போட்டால் போதும். பார்சலை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

நான் அந்தப் பக்கங்களைப் படித்தது தம்பிக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

அம்மா